முதல் நாலு விநாடி

முதலில் நான் பழியைப் போட்டது அண்ணியின் தையல் மிஷின் மேல்தான்.

அந்த மிஷின் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு இருந்தது. அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம், காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிச் சீருடை, தலையணை உறை, யாருடைய கால்சட்டைக்கோ புது ஜிப் என்று எப்போதும் ஏதாவது ஒன்று அதன் ஊசிக்குக் கீழே கிடக்கும். நான் வாயைத் திறக்கும்போதுதான் சரியாக அது ஓட ஆரம்பிக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அண்ணியைக் கேட்டால், "நீ வாயை மூடற நேரமாப் பாத்து ஓட்டணும்னா நான் வருஷத்துக்கு ஒரு சட்டைதான் தைக்க முடியும்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சு மேடம் போன் செய்தார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். அவர் மென்மையாகப் பேசினாலே ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம். அன்று ரொம்ப மென்மையாகப் பேசினார்.

"இருநூறு வாக்கியம் அனுப்பினீங்க இல்லையா? அதுல அம்பத்தெட்டு சரியில்லைங்க. ஆரம்பமே இல்ல. பாதியில இருந்துதான் குரல் வருது. கம்ப்யூட்டர் எடுத்துக்க மாட்டேங்குது."

"மீதி நூத்தி நாப்பத்தி ரெண்டு?"

"அது நல்லாருக்கு. ஆனா கொறஞ்சது நூத்தி எண்பது வேணும். அதோட அவர் சொந்தமா பத்து வாக்கியம் பேசினாரே, அது பத்துமே போச்சு."

வெள்ளிக்கிழமை காலை அண்ணனுக்கு ஆபரேஷன். தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அண்ணன் பேசப்போவது ஒரு சின்னத் திரையில் தட்டி. தட்டுவதை அந்தக் கருவி வாய்விட்டுச் சொல்லும். முன்கூட்டியே அவன் குரலில் போதுமான வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், அது கிட்டத்தட்ட அவன் குரலிலேயே சொல்லும். கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் பொதுவான ஒரு குரல். லிஃப்டில் கேட்குமே, அந்த மாதிரி.

லிஃப்டில் கேட்கும் குரலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. 'கதவு மூடுகிறது', 'மூன்றாம் தளம்' என்று சொல்லும் மின்னணு போர்டுகளைச் செய்யும் கம்பெனியில் எனக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. என் அண்ணன் அந்தக் குரலில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதை நினைத்தால் எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் நீச்சல் பயிற்சியாளன். ஐம்பது மீட்டர் குளத்தின் ஒரு கரையிலிருந்து அவன் "காலை அடி!" என்று கத்தினால் மறுகரையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் காலை அடிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் பதிவு அறை கிடைக்க நாளாகும் என்றார்கள். "அது எதுக்கு? வீட்டுலயே பண்ணிடலாம், நான் இருக்கேன்ல" என்று மார்தட்டியது நான்தான். படுக்கையறைச் சுவரில் கம்பளிகளை மாட்டினேன். கையளவு போர்டு ஒன்று, நல்ல மைக் ஒன்று, அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், அண்ணன் அட்டையில் இருக்கும் வாக்கியத்தைப் படிப்பான், மறுபடி அமுக்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

அதில் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருந்தேன். முதல் நாள் பேசிய நாற்பது வாக்கியங்களை போர்டில் இருந்த மெமரி கார்டிலேயே சேமித்தேன். மறுநாள் கார்டு செத்துவிட்டது. எதைச் செய்தும் திறக்கவில்லை. அண்ணன் குரல் நன்றாக இருந்த கடைசி நாள் அது. அடுத்த வாரமே குரல் கட்ட ஆரம்பித்துவிட்டது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? போர்டில் இனி ஒரு விநாடிகூட எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கி வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்தேன். அண்ணன் பேசப்பேச அவன் குரல் நேரே அந்தப் பெட்டிக்கே போகும், அங்கே இரண்டு பிரதியாக விழும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். ஒவ்வொரு வேளையும் பதிவு தொடங்குமுன் கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவேன்.

பேசியதை யாரும் போட்டுக் கேட்கக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். கட்டின குரலை நாங்கள் கேட்டு அழுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு வாரம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரமும் கெட்டது யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கேட்டேன். மேடம் சொன்னது சரி. கெட்டுப்போன ஒவ்வொன்றிலும் முதல் நாலு விநாடி காணோம். போர்டின் குறிப்பேட்டில், அதுதான் லாக், அந்த ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'ஓவர்ரன்' என்று எழுதியிருந்தது. மைக்கிலிருந்து வரும் ஒலி குழாய்த் தண்ணீர் மாதிரி, நமக்காக நிற்காது. போர்டில் இருக்கும் பஃபர் ஒரு சொம்பு. சொம்பு நிறைய நிறையத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிக்காரன் கதவைத் திறக்க நேரமானால் சொம்பு நிரம்பித் தண்ணீர் தரையில் போகும். தரையில் போனதுதான் ஓவர்ரன். அண்ணன் குரல் தரையில் போயிருந்தது.

ஆக, போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. பெட்டி இருந்தது கூடத்து ஃபிரிட்ஜ் மேல். நடுவில் இருந்தது தையல் மிஷின்.

"அண்ணி, அந்த மோட்டார்தான் வைஃபையைக் கெடுக்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் மிஷினைத் தொடாதீங்க."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாதி தைத்த சீருடைகளை மடித்து மிஷின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு பழைய துப்பட்டியைப் போர்த்தினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் அண்ணனுக்குக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், ஓய்வு நேரம் சேராமல், பேசத்தான் அனுமதி கொடுத்திருந்தார். அதற்குள் பன்னிரண்டு வாக்கியம் வந்தால் பெரிய விஷயம். இரண்டு வாக்கியம் பேசுவான், வெந்நீர் குடிப்பான், சாய்ந்து கொள்வான், இருமுவான், மறுபடி பேசுவான். அன்று மாலை பன்னிரண்டு பேசினான். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். லாக்கைத் திறந்தேன். நாலு ஓவர்ரன்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். வைஃபையை நம்பாமல் படுக்கையறையிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் ஒரு ஒயரை இழுத்தேன். அண்ணி அதில் இரண்டு முறை தடுக்கினாள். அன்று காலை பன்னிரண்டில் ஐந்து போயிற்று. மைக்கை மாற்றினேன், கரண்ட் அடாப்டரை மாற்றினேன், போர்டையே மாற்றினேன். சாயங்காலம் பத்துப் பேசினான், நாலு போயிற்று.

இதற்கு நடுவில் மத்தியானம் நானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருந்தேன். பழைய செய்தித்தாளை எடுத்து, 'மண்டபம் வாடகைக்கு' என்பதிலிருந்து 'காணவில்லை' என்பது வரைக்கும் விளம்பரங்களை ஒரு மணி நேரம் படித்தேன். பொத்தானை அமுக்குவது, படிப்பது, அமுக்குவது, படிப்பது. தொண்ணூறு பதிவு. ஒன்றில்கூடக் குறையில்லை.

அங்கேதான் என் புத்தி கோணலாகப் போயிற்று. நான் பேசினால் சரியாக ஓடுகிறது, அண்ணன் பேசினால் கெடுகிறது. பெட்டிக்கு ஆள் தெரியுமா என்ன? அப்படியானால் அண்ணன் பேசும் நேரத்தில் யாரோ பெட்டியில் கை வைக்கிறார்கள். ஃபிரிட்ஜ் மேல் தினமும் துடைப்பது யார்?

"அண்ணி, அந்தப் பெட்டியைத் துடைக்கறேன்னு நகத்துறீங்களா?"

"நான் எதுக்கு அதைத் தொடறேன்?"

"ஒயரு ஆடினாக்கூட போதும். சும்மா தெரியாமக்கூட பண்ணியிருப்பீங்க."

"தெரியாம எது பண்ணாலும் இந்த வீட்டுல நான்தான் பண்ணுவேன், இல்ல? மிஷினை நிறுத்துன்னே, நிறுத்தினேன். குக்கரை வெக்காதேன்னே, வெக்கல. இப்ப தூசி தட்டறதும் தப்பா? அவரு குரலு உனக்கு மட்டும்தான் வேணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிச் சொன்னே?"

படுக்கையறையிலிருந்து டம்ளரில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டிங் டிங் டிங். சண்டையை நிறுத்துங்கள் என்பதற்கு அண்ணன் வைத்திருந்த சமிக்ஞை. நாங்கள் நிறுத்தினோம், ஆனால் அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்று அறுபத்து மூன்று நல்ல வாக்கியம் சேர்ந்திருந்தது. இன்னும் பதினேழு. மேடத்துக்கு வியாழக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை காலை அண்ணன் மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்தான். மறுபடி காற்று. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"விடு, வாலு" என்றான். கிசுகிசுப்பாக, ஒவ்வொரு எழுத்தாக. "வந்த வரைக்கும் போதும். அந்த லிஃப்டுக் குரல்லயே பேசிக்கறேன். உனக்குப் பழக்கம்தானே?"

சின்ன வயதில் நான் எந்நேரமும் எதையாவது உடைத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர் வாலு. நாற்பது வயதிலும் என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசியதில் மூன்றில் ஒரு பங்கை நான் தரையில் கொட்டியிருக்கிறேன். சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணி பின்னாலேயே வந்து குழாயை மூடினாள். தண்ணீரை வீணாக்காதே என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீ படிச்சப்போ ஒண்ணுகூட கெடலைன்னியே, ஏன்னு யோசிச்சியா?" என்றாள்.

"போர்டு நல்லாருக்கு, அதான்."

"அதில்ல. நீ நிறுத்தவே மாட்டே. அதான்."

கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைத் திருப்பினேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேடை மேல் வைத்தாள். அளவு எழுதும் நோட்டு. முதல் பக்கங்களில் யார்யாருடைய இடுப்பளவோ, தோள் அளவோ இருந்தது. பின்பக்கத்திலிருந்து வேறு கணக்கு. எத்தனை மணிக்கு அண்ணன் வெந்நீர் குடித்தான், எத்தனை நிமிடம் சாய்ந்திருந்தான், இருமினானா என்று டாக்டர் எழுதச் சொல்லியிருந்தாராம். இரண்டு வாரமாக, ஒரு வேளைகூட விடாமல் எழுதியிருந்தாள்.

"நீ பேசறப்போ மூச்சுகூட விடறதில்ல. அவரு அப்படியா? ரெண்டு பேச்சு, ஒரு படுக்கை. உனக்கும் அவருக்கும் இருக்கற வித்தியாசம் இது ஒண்ணுதான். உன் கம்ப்யூட்டர்ல கெட்டுப்போன நேரம் இருக்கும்ல, அதையும் இதையும் வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை முதல் ஓவர்ரன் ஒன்பது பதினாறுக்கு. நோட்டில் ஒன்பது பதினேழுக்கு ஓய்வு ஆரம்பித்து, ஒன்பது இருபத்தாறுக்கு முடிந்திருந்தது. அடுத்தது ஒன்பது முப்பத்தொன்று. நோட்டில் அந்த நேரத்தில் ஓய்வே இல்லை.

"ஒத்துப்போகலையே அண்ணி" என்றேன். சொல்லும்போதே கண் சுவர்க் கடிகாரத்தில் விழுந்தது. கையில் இருந்த போனைப் பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். "இது பத்து நிமிஷம் முன்னாடி ஓடுது."

"ஆமா. உங்க அண்ணன் குளத்துக்கு லேட்டாப் போகக்கூடாதுன்னு நான் வெச்சது. கல்யாணமான வருஷத்துல இருந்து அப்படித்தான் ஓடுது."

பத்து நிமிடத்தைக் கழித்தேன். ஒன்பது பதினாறு, ஓய்வு முடிந்த நேரம். அடுத்ததும் ஓய்வு முடிந்த நேரம். அதற்கடுத்ததும். அண்ணி நோட்டில் விரலை வைத்து நேரத்தைப் படித்தாள், நான் திரையில் விரலை வைத்துச் சரி பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு, மூன்று நிமிட ஓய்வுக்குப் பிறகு வந்த வாக்கியங்கள் நன்றாக இருந்தன. ஐந்து நிமிடத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் அடுத்து வரும் முதல் வாக்கியம் போயிருந்தது.

"அந்தச் சொந்த வாக்கியம் பத்தும் ஏன் போச்சுன்னு தெரியுதா?" என்றாள் அண்ணி. "ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அவ்வளவு நேரம் உக்காந்து யோசிச்சாரு."

எனக்கு அதைப் பற்றி நினைக்கத் தைரியம் வரவில்லை. "அஞ்சு நிமிஷம்" என்று முணுமுணுத்தேன். "அஞ்சு நிமிஷம் சும்மா விட்டா எது மாறும்?"

"அஞ்சு நிமிஷம் சும்மா விட்டா உங்க அண்ணன் தூங்கிடுவாரு."

நான் கூடத்துக்கு ஓடினேன். ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி ஃபிரிட்ஜ் மேல் இருந்த பெட்டியில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. ஆழ்ந்த தூக்கம். "அண்ணி, உள்ள போயி அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க" என்று கத்தினேன். பெட்டி ஒரு முறை டிக் என்றது. உள்ளே ஏதோ முனகியது. மெல்லச் சுற்ற ஆரம்பித்து, வேகம் பிடித்து, விர்ரென்று நிலைக்கு வந்தது. அதுவரை மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அதைத் தூங்க வைத்தது யார் என்பது நாற்காலியிலிருந்து இறங்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. வாங்கிய அன்று அந்தப் பெட்டியைப் படுக்கையறையில்தான் வைத்திருந்தேன். டிஸ்க் சுற்றும் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று, ஐந்து நிமிடம் வேலை இல்லாவிட்டால் தூங்கு என்று அதற்குக் கட்டளை போட்டேன். அப்புறம் எழுந்திருக்கும்போது வரும் டிக் சத்தமும் பிடிக்காமல் பெட்டியையே தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். இடத்தை மாற்றினேன், கட்டளையை மாற்றவில்லை. அண்ணன் ஓய்வெடுத்தால் பெட்டியும் ஓய்வெடுத்திருக்கிறது. அவன் எழுந்து பேசும்போது அது இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் படித்தபோது பாவம், அதற்குத் தூங்க எங்கே நேரம்?

படுக்கையறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். "நான்தான் அண்ணி" என்றேன். "முழுக்க நான்தான். உங்க மிஷினும் இல்ல, நீங்க துடைச்சதும் இல்ல."

பரவாயில்லை என்று சொல்கிற ரகமில்லை அண்ணி. "மொதல்ல அந்தத் துப்பட்டியை எடு" என்றாள். "சீருடைக்கு அந்தம்மா ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க."

துப்பட்டியை எடுத்து மடித்து வைத்தேன். பிறகு வேலையில் இறங்கினேன். தூக்கக் கட்டளையை நீக்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் அது மட்டும் போதாது என்று தெரிந்தது. இன்றைக்குத் தூக்கம், நாளைக்கு வேறு ஏதாவது. தூரத்தில் இருக்கிற பெட்டி எப்போதும் உடனே பதில் சொல்லும் என்று நம்பி ஒரு மனிதனின் குரலை நேராக அதில் ஊற்றியதே தப்பு. முதலில் போர்டு தன் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கியம் முடிந்த பிறகு நிதானமாகப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்தது என்று பெட்டி சொன்ன பிறகுதான் கையில் இருப்பதை விட வேண்டும். இதை என் கம்பெனியில் புதிதாகச் சேரும் யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் செத்துப்போன அந்தக் கார்டுக்குப் பயந்து, அரை நிமிடம்கூடக் கையில் வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லாமல் போயிருந்தது. அந்தப் பயத்தை மத்தியானம் மூன்று மணிக்குள் கழற்றி வைத்தேன். கார்டைத் தொடாமல் போர்டின் தற்காலிக நினைவிலேயே வாக்கியம் தங்கும்படி எழுதினேன்.

பிறகு சோதனை. இந்த முறை சரியான சோதனை. ஒரு வரி பேச வேண்டும், ஆறு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், மறுபடி ஒரு வரி. பெட்டியைப் பழையபடி வேண்டுமென்றே தூங்கவிட்டேன். அண்ணி கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்த்தாள்.

"ஆறு நிமிஷம்" என்றாள்.

"சரி."

"இப்பவே பேசிட்டே."

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணனுக்கு அன்று முதல்முறையாக முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு மூன்றாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது, நாலாவது நிமிடத்தில் ஒரு முக்கியமான விஷயம் ஞாபகம் வந்தது, ஐந்தாவது நிமிடத்தில் அது மறந்தே போயிற்று. ஆறு முடிந்ததும் பொத்தானை அமுக்கி "அப்பாடா, உயிர் போச்சு" என்றேன். போட்டுக் கேட்டோம். 'அப்பாடா'வின் முதல் எழுத்திலிருந்து முழுசாக இருந்தது. இன்னும் ஐந்து முறை செய்தோம். ஆறிலும் எல்லாம் இருந்தது.

பெட்டிக்கு விழித்திருக்கச் சொல்லிக் கட்டளை போட்டேன். அண்ணன் கவிழ்த்து வைத்த அட்டையைத் தானே நிமிர்த்தினான்.

அன்று மாலை ஒன்பது வாக்கியம் பேசினான். அடுத்த வாக்கியத்துக்கு அவசரப்பட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை என்றதும் நன்றாகச் சாய்ந்து ஓய்வெடுத்தான், அதனாலேயோ என்னவோ குரலும் கொஞ்சம் இளகி வந்தது. ஒன்பதும் நன்றாக இருந்தது. வியாழக்கிழமை காலை எட்டு. அதில் கடைசி வாக்கியத்தை மூன்று முறை முயன்று பேசினான். நூற்று எண்பது. அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் மேடம் கூப்பிட்டார். இந்த முறை மென்மையாகப் பேசவில்லை, கத்தினார். "எல்லாத்தையும் எடுத்துக்கிச்சுங்க! எல்லாத்தையும்!"

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மீதி இருந்தது சொந்த வாக்கியங்கள். அவற்றை மட்டும் கருவி கற்றுக்கொண்டு சொல்லாது, பேசியதை அப்படியே வைத்திருந்து பொத்தானைத் தொட்டால் போடும். பத்து பேசத் தெம்பில்லை என்று அண்ணன் மூன்று விரலைக் காட்டினான். மாலையில் எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் கூடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அண்ணன் தையல் மிஷினைக் காட்டி, கையைச் சுற்றிக் காட்டினான்.

"ஓட்டவா?" என்றாள் அண்ணி. "சத்தம் விழுந்துடுமே?"

விழட்டும் என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைப் பாதி திறந்தபடி விட்டு உள்ளே போனான். அண்ணி சீருடை ஒன்றை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். அன்று அவள் நேராகத் தைத்திருக்க முடியாது, ஆனால் நிறுத்தாமல் தைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். பத்து நாள் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சிலேட்டில் எழுதிக் காட்டினான். பதினோராம் நாள் மேடம் அந்தக் கருவியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்து, எதை எப்படித் தொட வேண்டும் என்று காட்டிவிட்டு ஓரமாக நின்றார்.

நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்குப் பேச்சு இரட்டிப்பாகும். மழை வரும் போலிருக்கிறது, கீழே லிஃப்டில் இருப்பது எங்கள் கம்பெனி போர்டு இல்லை, அதனால்தான் தளத்தை மாற்றிச் சொல்கிறது, நர்சம்மா தலையணையைச் சரியாக வைக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். அண்ணன் என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். முதல் பொத்தானைத் தொட்டான்.

பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் லேசாகக் கேட்டது. அதற்கு முன்னால், கட்டின, கரகரத்த, ஆனால் என் அண்ணனுடைய குரல்.

"ஏய் வாலு! கொஞ்சம் வாய மூடு. உங்க அண்ணி என்னமோ சொல்ல வர்றா."

'ஏய்' இருந்தது. 'வாலு' இருந்தது. எதுவும் சிந்தவில்லை.

"நான் ஒண்ணும் சொல்ல வரலையே" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, சிரிக்கப் போய், முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மறுபடி அதே பொத்தானைத் தொட்டான். மறுபடியும். மேடம் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரைக் காட்டி மெதுவாக, மெதுவாக என்றார். அவன் கேட்கவில்லை.

அன்று நான் ஆறு நிமிடத்துக்கு மேலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.